கைப்பையில் கிடைத்த மாப்பிள்ளை

அக்கா மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தாள். "மாமா, நீங்களும் இந்த நாடகம் படிச்சீங்களாமே, அம்மா சொன்னாங்க. இது காமெடின்னு போட்டிருக்கு. சிரிப்பு எங்க வருது?"

ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்'. முப்பது வருஷத்துக்கு முன்னால் தென்மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் எனக்கும் அதே நாடகம்தான், அதே சந்தேகம்தான். மறுபடி படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பரணில் பழைய புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. ஓரத்தில் என் கையெழுத்தில் 'முக்கியம்', '5 மார்க்', ஓரிடத்தில் 'பன் மாதிரி'.

அந்த 'பன் மாதிரி' மஃபினுக்கு எழுதியது. நாடகத்தில் காதல் கைவிட்டுப்போன நேரத்தில் அல்ஜெர்னன் உட்கார்ந்து நிதானமாக மஃபின் தின்பான். மஃபின் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. கைடில் 'ஒரு வகை பன்' என்று இருந்தது. எங்கள் பேராசிரியர் தங்கமான மனிதர். ஆனால் ஒவ்வொரு ஜோக்குக்கும் முதலில் அருஞ்சொற்பொருள், பிறகு பொழிப்புரை, பிறகு "இது நகைச்சுவை" என்று ஒரு முத்திரை. நாங்களும் 'நகைச்சுவை' என்று எழுதிக்கொள்வோம். ஒருவரும் சிரித்ததில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக் வொர்திங் கிராமத்தில் பெரிய மனிதன், ஒரு பெண்ணுக்குக் கார்டியன், ஒழுக்கசீலன். லண்டன் போய்க் கூத்தடிக்க ஆசை வரும்போதெல்லாம், அங்கே எர்னெஸ்ட் என்று தறுதலைத் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். லண்டனில் தானே எர்னெஸ்ட். அவன் சிநேகிதன் அல்ஜெர்னனுக்கும் இதே தந்திரம், தலைகீழாக: கிராமத்தில் பன்பரி என்று ஒரு நிரந்தர நோயாளி நண்பன். பிடிக்காத விருந்து வந்தால் பன்பரிக்கு உடம்பு மோசமாகிவிடும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று லீவ் லெட்டர் எழுதி வளர்ந்த எங்களுக்கு இது ஒன்றுதான் விளக்கமில்லாமல் புரிந்தது. ஜாக், அல்ஜெர்னனின் கசின் குவென்டோலெனைக் காதலிக்கிறான். அவளுக்கோ எர்னெஸ்ட் என்ற பெயர்மேல்தான் காதல். அதே ஒலியில் ஆங்கிலத்தில் நேர்மை, அக்கறை என்று பொருள் தரும் ஒரு சொல்லும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள், மாறாதவன் என்றும் பொருள்படும் கான்ஸ்டன்ட் என்ற பெயரை வைத்துச் சமாளித்தார்கள். தமிழில் சத்தியமூர்த்தி என்று வைக்கலாம் என்று நான் அப்போதே ஒரு மார்ஜினில் எழுதியிருக்கிறேன். பரவாயில்லை, அந்த வயதுக்கு நல்ல யோசனைதான்.

சரி, விஷயம் இருக்கும் இடத்துக்கு வருவோம். குவென்டோலெனின் அம்மா லேடி பிராக்னெல் ஜாக்கை உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்கும் காட்சி. அவன் உட்காரவில்லை, நின்றுகொண்டே பதில் சொல்கிறான். அந்தம்மா பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொள்கிறாள். தகுதியுள்ள இளைஞர்களின் பட்டியல் ஒன்று அவளிடம் இருக்கிறது. அதில் இவன் பெயர் இல்லை. பதில்கள் ஒத்துவந்தால் சேர்த்துக்கொள்ளத் தயார்.

இருபது வயதில் இதைப் படித்தபோது இது எனக்கு வெறும் கேலிச்சித்திரம். இப்போது படித்தால் எனக்கு என் பெரியப்பாவின் நோட்டுதான் தெரிகிறது.

பெரியப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். அக்காவுக்கு வரன் பார்த்த இரண்டு வருஷமும் ஒரு நீள நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது. பேரேட்டுக்குப் போடுகிற மாதிரியே சிவப்பு மையில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருப்பார். பெயர், நட்சத்திரம், சம்பளம், நிலம் (நஞ்சை, புஞ்சை தனித்தனியாக), வீடு சொந்தமா வாடகையா, கூடப்பிறந்தவர்கள். கல்யாணமாகாத தங்கை இருந்தால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். கடைசிப் பத்தியின் தலைப்பு 'விசாரித்தது'.

லேடி பிராக்னெல்லின் முதல் கேள்வி, சிகரெட் பிடிப்பாயா? பிடிப்பேன் என்கிறான். நல்லது, ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும் என்கிறாள். வயது 29. அடுத்து, கல்யாணம் செய்ய விரும்புகிறவனுக்கு ஒன்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், இல்லை ஒன்றுமே தெரிந்திருக்கக் கூடாது, நீ எப்படி? அவன் தயங்கி, ஒன்றும் தெரியாது என்கிறான். அவளுக்குப் பரம திருப்தி. வருமானம் வருஷத்துக்கு ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரம் பவுண்டு. நிலத்திலா, முதலீட்டிலா? பெரும்பாலும் முதலீடு. இன்னும் திருப்தி.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நிலத்தைவிட முதலீடு மேல் என்று ஓர் ஆங்கிலச் சீமாட்டி சொல்வது சாதாரண விஷயமில்லை. 1870களிலிருந்தே அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கி இங்கிலாந்தின் விவசாய வருமானத்தை அடித்துப் போட்டிருந்தது. வைல்ட் இதை எழுதியது 1894 கோடையில், வொர்திங் என்ற கடலோர ஊரில். கதாநாயகனின் பெயரே அதுதான். அதே வருஷ பட்ஜெட்டில்தான் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் இறந்தவர் சொத்துக்குப் புது வரி போட்டார். சொத்து பெருகப் பெருக வரி விகிதமும் ஏறும், உச்சம் 8 சதவீதம். லேடி பிராக்னெல் அலுத்துக்கொள்வது அதைத்தான்: உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதும் செத்த பிறகு கட்ட வேண்டியதுமாகச் சேர்ந்து, நிலத்தில் லாபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆங்கிலத்தில் கடமைக்கும் வரிக்கும் டியூட்டி என்று ஒரே சொல், அதில் விளையாடுகிறாள். இதைத் தமிழில் கொண்டுவரவே முடியாது என்றார் பேராசிரியர். பல வருஷம் கழித்துக் கல்வெட்டு பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது பார்த்தேன், சோழர் பாண்டியர் காலத்தில் நில வரிக்கே 'கடமை' என்றுதான் பெயர். அப்புறமென்ன, அப்படியே வைத்துவிடலாமே! அவரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன், அதற்குள் அவர் இல்லை.

விசாரணை தொடர்கிறது. கிராமத்தில் வீடும் சுமார் 1500 ஏக்கரும் உண்டு. லண்டனில் பெல்கிரேவ் சதுக்கத்தில் ஒரு வீடு, எண் 149. அது மவுசு இல்லாத பக்கமாயிற்றே என்று தலையை ஆட்டுகிறாள். மாற்றிவிடலாம் என்கிறாள். பக்கத்தையா, மவுசையா என்று கேட்கிறான் ஜாக். தேவைப்பட்டால் இரண்டையும்தான். என் அக்கா மகளுக்கு நான் முதலில் காட்டிய இடம் இதுதான். வீட்டின் பக்கத்தை மாற்ற முடியாது. மவுசை மாற்றலாம், அந்தம்மா நினைத்தால். ஊர் மதிப்பு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, நாலைந்து வீட்டுக் கூடங்களில் தயாராவது என்று அவளுக்குத் தெரியும். தயாரிக்கிறவர்களில் அவளும் ஒருத்தி.

பிறகுதான் அப்பா அம்மா. இரண்டு பேரையும் இழந்துவிட்டேன் என்கிறான். ஒருவரை இழந்தால் துரதிர்ஷ்டம், இரண்டு பேரையும் இழப்பது கவனக்குறைவு மாதிரி இருக்கிறது என்பது அவள் பதில். அப்பா யார்? தெரியாது. தாமஸ் கார்டியூ என்ற கனவான் விக்டோரியா ஸ்டேஷன் பொருள் வைப்பறையில் தன் பைக்குப் பதிலாகத் தவறுதலாகக் கொடுக்கப்பட்ட கைப்பையில் குழந்தையாக இவனைக் கண்டெடுத்தார். அப்போது அவர் சட்டைப்பையில் வொர்திங் ஊருக்கு முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது, அதனால் அந்தப் பெயர். கைப்பை என்றதும் நாங்கள் பெண்கள் தோளில் மாட்டுவதை நினைத்துக்கொண்டு, இதற்குள் எப்படிக் குழந்தை என்று குழம்பினோம். அந்தக் காலத்தில் அது பயணத்துக்குத் தூக்கிப்போகும் பெரிய தோல் பை. பிரைட்டன் லைன் பிளாட்பாரம் என்று அவன் கூடுதல் விவரம் கொடுக்கிறான். எந்த லைன் என்பது முக்கியமில்லை என்கிறாள் அவள். லண்டனின் விருந்து சீசன் முடிவதற்குள் ஏதாவது ஒரு பெற்றோரையாவது, அப்பாவோ அம்மாவோ, தயார் செய்துகொண்டு வா என்று புத்தி சொல்லிவிட்டுப் போகிறாள்.

1939இல் மேடையிலும் பிறகு 1952 படத்திலும் லேடி பிராக்னெல்லாக நடித்த ஈடித் எவன்ஸ் 'கைப்பையா' என்ற அந்த ஒரே சொல்லை இழுத்து, ஏற்றி, இறக்கிச் சொன்ன விதம் அவ்வளவு பிரபலமாகிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொரு நடிகைக்கும் அது தலைவலி. யூடியூபில் கிடைக்கிறது. அக்கா மகளுக்கு அனுப்பினேன். "நம்ம பெரிய தாத்தா மாதிரியே கேக்குறாங்க" என்று பதில் வந்தது. அவள் அவரைப் பார்த்ததே இல்லை. அவள் அம்மா அடிக்கடி நடித்துக் காட்டுவாள்.

பெரியப்பாவுக்கும் லேடி பிராக்னெல்லுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அவள் மாப்பிள்ளையிடமே கேட்கிறாள். பெரியப்பாவுக்கு அது பச்சைப்பிள்ளைத்தனம். பையனிடமே கேட்டால் பையன் என்ன சொல்வான்? அவர் கேட்பது பையன் தெருமுனை டீக்கடையில், அவன் சட்டையை இஸ்திரி போடுகிறவரிடம், சைக்கிள் கடையில். 'விசாரித்தது' பத்தி அப்படி நிரம்பும். "டீ மட்டும். சிகரெட் இல்லை. பாக்கி வைப்பதில்லை."

லேடி பிராக்னெல் நேரடியாகக் கேட்டதால்தான் அந்தக் காட்சிக்கே அவ்வளவு அழகு என்று இப்போது தோன்றுகிறது. நாடகம் முழுக்கப் பொய் சொல்கிறவன் ஜாக். பெயர் பொய், தம்பி பொய், ஊர் பொய். வாழ்க்கையிலேயே நடந்த அபூர்வ விஷயமான அந்தக் கைப்பைக் கதையை, சொல்லாமல் மறைத்திருக்கலாம், உண்மையைச் சொல்கிறான். அந்த ஒரு உண்மைக்குத்தான் பெண் இல்லை என்கிறார்கள்.

அக்காவுக்கு வந்த வரன்களில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். தாய்மாமா வீட்டில் வளர்ந்தவர். அம்மா இறந்துவிட்டார், அப்பா எங்கேயோ போய்விட்டார். பெரியப்பா நோட்டில் அந்த வரிசையில் எல்லாப் பத்தியும் நன்றாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரர்கூட நல்ல மாதிரி சொல்லியிருக்கிறார். கடைசியில் "தகப்பன் விவரம் தெளிவில்லை" என்று எழுதி, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. கோபமே கிடையாது. கணக்கில் ஒரு வரவு ஒத்துவராவிட்டால் அடிக்கிற அதே கோடு. இந்தக் கட்டுரைக்காக அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கையெழுத்து நல்லா இருக்கும் அந்தப் பையனுக்கு" என்றாள்.

லேடி பிராக்னெல் கெட்டவள் என்று கைடில் போட்டிருந்தது. பரீட்சையில் நானும் அப்படியே எழுதினேன். இப்போது எழுதச் சொன்னால் மாட்டேன். அவள் கேட்ட கேள்விகளில் எதுவும் பெண்ணைப் பெற்றவர்கள் கேட்காத கேள்வி இல்லை. மூன்றாம் அங்கத்தில் அவளே போகிறபோக்கில் சொல்கிறாள்: லார்டு பிராக்னெல்லைக் கட்டிக்கொண்டபோது அவளிடம் காசே கிடையாது, அது ஒரு தடையாக இருக்கலாம் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. ஆகப் படியேறி வந்தவள். ஏறி வந்தவர்களுக்குத்தான் ஏணியின் ஒவ்வொரு படியும் எண்ணோடு தெரியும்.

அதே மூன்றாம் அங்கத்தில் அல்ஜெர்னன் ஜாக்கின் வளர்ப்பில் இருக்கும் செசிலியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். லேடி பிராக்னெல் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை, கிளம்ப நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறாள். போகிறபோக்கில், சம்பிரதாயத்துக்காக, அந்தப் பெண்ணுக்குச் சொத்து ஏதாவது உண்டா என்று கேட்டுவைக்கிறாள். ஜாக், ஏதோ சாதாரண விஷயத்தைச் சொல்வதுபோல, செசிலி பெயரில் அரசாங்கக் கடன் பத்திரத்தில் 1,30,000 பவுண்டு இருக்கிறது, அவ்வளவுதான், போய்வாருங்கள் என்கிறான். அந்தம்மா மறுபடி உட்கார்கிறாள். ஒரு லட்சத்து முப்பதாயிரமா என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள். உடனே அந்தப் பெண் லட்சணமாகத் தெரிகிறாள். திரும்பச் சொல்கிறாள், பக்கவாட்டில் நிற்கச் சொல்கிறாள், மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்கிறாள்; அந்த மூக்கு முழியில் நல்ல எதிர்காலம் இருக்கிறதாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்து காட்டச் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் முதலில் நடக்கச் சொல்வார்கள், தொகை பிறகு.

வேலைக்காரர்களைப் பற்றி வகுப்பில் யாரும் பேசவே இல்லை. அல்ஜெர்னனின் பணியாள் லேன் முதல் காட்சியிலேயே எஜமானின் ஷாம்பெயினைக் குடித்திருக்கிறான். கல்யாணமான வீடுகளில் ஷாம்பெயின் அவ்வளவு உசத்தியாக இருப்பதில்லை என்று முகம் மாறாமல் சொல்கிறான். கீழே இருப்பவர்களே நமக்கு நல்ல முன்மாதிரியாக இல்லாவிட்டால் அவர்களால் என்ன பிரயோஜனம் என்று அல்ஜெர்னன் பின்னால் கவலைப்படுகிறான். லேடி பிராக்னெல்லுக்காகச் செய்த வெள்ளரிக்காய் சாண்ட்விச் முழுவதையும் தானே தின்று தீர்த்ததும், லேன்தான் காப்பாற்றுகிறான்: இன்று மார்க்கெட்டில் வெள்ளரிக்காயே இல்லை ஐயா, ரொக்கம் கொடுத்தும் கிடைக்கவில்லை. அந்த 'ரொக்கம் கொடுத்தும்' எவ்வளவு பொல்லாத வார்த்தை! இந்த வீட்டில் வழக்கமாகக் கடன்தான் என்பதை அந்தம்மாவுக்கு எதிரிலேயே சொல்லிவிட்டுப் போகிறான்.

அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன், சிரிப்பு எங்கே வருகிறது? எங்களுக்கு அது வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இலக்கிய மன்ற விழாவில் இரண்டாம் அங்கத்திலிருந்து இரண்டு துண்டு போட்டோம். முதலில் டீ காட்சி. ஒரே எர்னெஸ்ட்டுக்கு நிச்சயமானவர்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உபசாரம் செய்வார்கள். சர்க்கரை வேண்டாம், இப்போது அது நாகரிகமில்லை என்று குவென்டோலென் சொல்ல, செசிலி வேண்டுமென்றே நாலு கட்டி போடுவாள். எங்கள் கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. எங்கள் ஊரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டால் மரியாதை. குறைத்துப் போட்டால்தான் சண்டை வரும்.

அடுத்த துண்டு: எர்னெஸ்ட் தம்பி தொல்லை இனி வேண்டாம் என்று அவனைப் பாரிஸில் சாகடித்துவிட்டு, ஜாக் முழுத் துக்க உடையில் மெதுவாகத் தோட்டத்துக்குள் வருகிறான். சற்று முன்புதான் அல்ஜெர்னன் நான்தான் எர்னெஸ்ட் தம்பி என்று சொல்லிக்கொண்டு அதே வீட்டுக்குள் சாப்பிடப் போயிருக்கிறான். ஜாக்காக நடித்தவன் யாரோ வக்கீல் வீட்டிலிருந்து கறுப்புக் கோட்டு வாங்கி வந்திருந்தான், தோள் இரண்டு அங்குலம் தொங்கியது. கையில் கறுப்புக் குடை. இங்கே துக்கத்துக்குக் கறுப்பு இல்லையே, புரியாமல் போகுமோ என்று பயந்து, இன்னொரு கையில் கைக்குட்டையும் கொடுத்திருந்தோம். அவன் பின்னாலிருந்து ஒவ்வொரு அடியாக வந்தான். வசனமே இல்லை. முதலில் முன்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் ஆங்கிலம் சுத்தமாக வராத வணிகவியல் பையன்கள் வரை மொத்தக் கூட்டமும் சிரித்தது. செத்தவன் உள்ளே தின்றுகொண்டிருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும், அழுகிறவனுக்குத் தெரியாது. புத்தகத்தில் அந்த இடம் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னக் குறிப்பு. நாங்கள் அதை அடிக்கோடிட்டதுகூட இல்லை.

நாடகம் முதலில் மேடையேறியது 1895 பிப்ரவரி 14, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில். வெளியே பனி கொட்டியது. தியேட்டரை நடத்திய ஜார்ஜ் அலெக்சாண்டரே ஜாக் வேஷம் போட்டார். அதே ராத்திரி குயின்ஸ்பெரி பிரபு காய்கறிக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார், மேடையில் வைல்ட்மேல் வீசுவதற்கு. அவர் மகன் ஆல்ஃபிரட் டக்ளஸுக்கும் வைல்டுக்கும் இருந்த உறவு அவருடைய குடும்ப கௌரவத்துக்குக் கேடு. வாசலில் போலீஸ் நிறுத்தியிருந்ததால் உள்ளே விடவில்லை. உள்ளே குடும்ப கௌரவத்தைப் பார்த்து லண்டனே சிரிக்கிறது, வெளியே பனியில் அதே குடும்ப கௌரவம் காய்கறியோடு நிற்கிறது.

நாலு நாள் கழித்து அவர் வைல்டின் கிளப்பில் அவமானமாக ஒரு சீட்டு எழுதிவைத்தார். வைல்ட் அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார். ஆணோடு ஆண் உறவு அன்று அங்கே குற்றம், அதனால் ஏப்ரல் 5 அன்று அவரே கைதானார். அலெக்சாண்டர் விளம்பரப் பலகையிலிருந்து ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு நாடகத்தைக் கொஞ்ச நாள் ஓட்டினார், மே மாதத் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார். மே 25இல் இரண்டு வருஷக் கடுங்காவல்.

நாடகம் முதலில் நாலு அங்கமாக எழுதப்பட்டது. அலெக்சாண்டர் கேட்டுக்கொண்டதால் மூன்றாகச் சுருங்கியது. வெட்டுப்பட்டதில் ஒரு காட்சி: சவாய் ஹோட்டலில் தின்ற பாக்கி 762 பவுண்டுக்காக எர்னெஸ்டைக் கைது செய்து ஹாலோவே சிறைக்குக் கூட்டிப்போக ஒரு வக்கீல் வருகிறார். ஹாலோவே நாகரிகமான இடம், நல்ல காற்றோட்டம் என்று அவர் சிபாரிசு வேறு செய்கிறார். ஏப்ரலில் வைல்டை விசாரணைக் கைதியாக வைத்தது ஹாலோவேயில். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் இரண்டு மகன்களுக்கும் குடும்பப் பெயரை ஹாலண்ட் என்று மாற்றினார். வைல்ட் விடுதலைக்குப் பிறகு செபாஸ்டியன் மெல்மோத் என்ற பொய்ப் பெயரில் திரிந்து 1900 நவம்பர் 30இல் பாரிஸில் இறந்தார். 1899இல் நாடகம் அச்சானபோதும் அட்டையில் அவர் பெயர் இல்லை. பொய்ப் பெயரை வைத்து ஊரைச் சிரிக்கவைத்த மனிதர். எங்கள் கைடில் இந்தப் பகுதிக்கு ஒரு வரிதான்: 'ஆசிரியரின் கடைசி நாட்கள் சோகமானவை.' ஏன் சோகம் என்று நாங்கள் கேட்கவில்லை, பேராசிரியரும் சொல்லவில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நாடகம் முடிவில் மிஸ் பிரிசம் என்ற பழைய ஆயா, 28 வருஷத்துக்கு முன் குழந்தையைப் பையிலும் தான் எழுதிய நாவலைத் தள்ளுவண்டியிலும் மாற்றி வைத்துவிட்டதை ஒப்புக்கொள்கிறாள். லேடி பிராக்னெல் அறிவிக்கிறாள்: ஜாக், நீ என் சகோதரியின் மகன்; அல்ஜெர்னனுக்கு அண்ணன். கௌரவம் கிடைத்துவிட்டது. ராணுவப் பட்டியலைப் புரட்டினால் அப்பா பெயரும் எர்னெஸ்ட். ஜாக் குவென்டோலெனைக் கட்டியணைக்கிறான். சுபம்.

வகுப்பில் இந்தப் பக்கத்தை முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காதவள்.

"சார், அந்தம்மா இவனுக்குப் பெரியம்மாவா, சித்தியா?"

நாடகத்தில் மூத்தவள் யார் என்று இல்லையே, ஆங்கிலத்தில் ஆண்ட் என்றால் முடிந்தது என்றார் சார்.

"எதுவா இருந்தாலும் அம்மா கூடப்பிறந்தவங்கதானே. அப்ப அந்தப் பொண்ணு இவனுக்குத் தங்கச்சி முறையில்ல ஆகுது?"

மொத்த வகுப்பும் நிமிர்ந்தது. அத்தை மகள் சரி, மாமன் மகள் சரி. அக்கா மகளைக்கூடக் கட்டுகிற வழக்கம் உண்டு, அதற்கு இங்கிலாந்தில் அனுமதி கிடையாது. ஆனால் சித்தி மகளா! சார் விளக்கினார்: அவர்களுக்கு நாலு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கசின், எட்டாம் ஹென்றி காலத்திலிருந்தே கட்டிக்கொள்ளலாம். மாறாக, மனைவி இறந்தால் அவள் தங்கையைக் கட்ட அவர்களுக்கு 1907 வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதற்கு நாங்கள் ஆச்சரியப்பட்டோம், எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அப்படித்தான். ஆனால் அவள் உட்காரவில்லை. சார் சாக்பீஸை எடுத்துப் பலகையில் இரண்டு சகோதரிகளுக்கு இரண்டு வட்டம் போட்டார், கீழே கோடு இழுத்தார், ஜாக் என்று எழுதினார், குவென்டோலென் என்று எழுதினார். இரண்டு பெயருக்கும் நடுவில் கல்யாணக் கோடு போடப் போன கை அப்படியே நின்றது. விரலை மடக்கி மறுபடி எண்ணினார். மணி அடித்தது. டஸ்டரை எடுத்து முழுவதையும் அழித்தார்.

"உட்காரும்மா. இது பரீட்சைக்கு வராது."